புதிய கொன்சோலும் இருமடங்கு விலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மட்டக்களப்பு நகரில் கொன்சோல்களை, அதாவது வீடியோ விளையாட்டுக் கருவிகளை, திருத்துவதும் விற்பதும் என் தொழில். புதிய கொன்சோல் வெளியானவுடன் அதை அள்ளி வாங்கி, அதிக விலைக்கு மறுபடி விற்கும் ஸ்கால்ப்பர்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய்: தம்பி, மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். முகநூலில் விற்பவர் வெளிநாட்டு விலையைப் போல ஏறத்தாழ இருமடங்கு கேட்கிறார். இந்த விலை எங்கிருந்து வருகிறது?

அம்மா, அந்த விலைக்குள் இரண்டு பங்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யார் நியாயமாகக் கேட்கிறார், யார் அநியாயமாகக் கேட்கிறார் என்பது விளங்கும். 2025 ஜூன் 5 ஆம் திகதி வெளியானபோது ஸ்விட்ச் 2 இன் அமெரிக்க விலை 449.99 டொலராக இருந்தது. வாங்கும் நாளில் உள்ள அமெரிக்க விலையை அன்றைய நாணய மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி, அதனோடு கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்க வரிகள், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி, கடைக்காரரின் இலாபம் ஆகியவற்றைக் கூட்டினால் வருவது முதல் பங்கு. அது உங்களுக்குக் கசப்பாக இருந்தாலும் நியாயமானதே. அதற்கு மேல் கேட்கப்படும் தொகை முழுவதும், சந்தையில் பொருள் இல்லை என்ற நிலையைக் காட்டி வாங்கப்படுவது. விற்பவரிடம் முதல் பங்கின் கணக்கைக் கேளுங்கள். முறையாக இறக்குமதி செய்தவர் அதைச் சொல்லத் தயங்கமாட்டார்.

அந்தத் தட்டுப்பாடு எப்படி உண்டாகிறது என்பதற்கு பிளேஸ்டேஷன் 5 நல்ல உதாரணம். அது 2020 நவம்பர் 12 ஆம் திகதி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வெளியானபோது, விளையாட்டுத் தட்டு (டிஸ்க்) வாசிக்கும் மாதிரிக்கு 499.99 டொலர், தட்டு இல்லாத மாதிரிக்கு 399.99 டொலர் என்பதே நிறுவனத்தின் விலை. கொரோனாக் காலம் என்பதால், வெளியீட்டு நாளில் கடைகளுக்குப் போய் வாங்க முடியாது, இணையத்தில் மட்டுமே விற்பனை என்று அதைத் தயாரிக்கும் சோனி நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. வரிசையில் நிற்கும் மனிதருக்கு ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டுமே உண்டு. இணையத்திலோ, ‘பொட்’ எனப்படும் தானியங்கி மென்பொருளை வைத்திருப்பவர் பல பெயர்களிலும் பல முகவரிகளிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். அந்த மென்பொருள் விற்பனைப் பக்கத்தை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்து, பொருள் வந்த கணத்தில் பெயரையும் முகவரியையும் அட்டை இலக்கத்தையும் தானே நிரப்பி முடித்துவிடும். நீங்கள் முகவரியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் இருப்புத் தீர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டு நத்தார்க் காலத்தில் பிளேஸ்டேஷன் 5 இன் மறுவிற்பனை விலை இருமடங்கு வரை போனது. உலகம் முழுவதும் மின்னணுச் சிப் தட்டுப்பாடு நிலவியதால், நிறுவனம் நினைத்தாலும் உற்பத்தியை உடனே கூட்ட முடியவில்லை.

ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்: மக்கள் இருமடங்கு கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றால், அந்த இலாபத்தை நிறுவனமே எடுத்துக்கொள்ளலாமே? ஏன் குறைந்த விலையில் விற்று, ஸ்கால்ப்பர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள்?

கொன்சோல் நிறுவனங்களுக்கு முக்கிய வருமானம் கருவியிலிருந்து வருவதில்லை. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் விற்கும் விளையாட்டுகளிலிருந்தும் மாதச் சந்தாவிலிருந்துமே வருகிறது. தொடக்கத்தில் பிளேஸ்டேஷன் 5 ஐ சோனி அடக்க விலைக்கும் குறைவாகவே விற்றது. 499 டொலர் மாதிரியில் நட்டம் நின்றுவிட்டதாக 2021 ஆகஸ்டில்தான் அறிவித்தது. எவ்வளவு அதிக வீடுகளுக்குள் கருவி போகிறதோ அவ்வளவுக்கு விளையாட்டுகள் விற்கும் என்பதே அவர்களின் கணக்கு. ஆகவே ஸ்கால்ப்பரின் அறையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் பெட்டி நிறுவனத்துக்கும் நட்டமே. வாங்குபவரும் கையிலிருந்த காசையெல்லாம் கருவிக்கே கொடுத்துவிட்டால், விளையாட்டு வாங்க அவரிடம் எதுவும் மிஞ்சாது.

நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. ஜப்பானில் ஸ்விட்ச் 2 ஐத் தன் சொந்த இணையக் கடையில் விற்க நின்டெண்டோ குலுக்கல் முறையை வைத்தது. பழைய ஸ்விட்ச்சில் 50 மணித்தியாலத்துக்கு மேல் விளையாடியிருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குக் குறையாத இணையச் சந்தா இருந்திருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். அப்படியிருந்தும் முதற் குலுக்கலுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்ததாக நிறுவனத்தின் தலைவரே அறிவித்தார். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பொட் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், கடந்துபோன வருடங்களில் விளையாடிய மணித்தியாலங்களை அதனால் இன்று உண்டாக்க முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விவசாயி: அறுவடை நேரத்தில் எங்களிடம் நெல்லை மலிவாக வாங்கிப் பதுக்கி, பிறகு அரிசியைக் கூட்டி விற்பார்கள். இதுவும் அதே கதைதானே? சட்டம் ஒன்றும் இல்லையா?

ஐயா, நீங்கள் சொன்னதைவிடப் பொருத்தமாக இதைச் சொல்ல முடியாது. பொருளுக்கு எதையும் சேர்க்காமல், அதை மறித்து வைப்பதிலேயே காசு பார்ப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், அரிசி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்படுகிறது. அதை மீறி விற்பவர் மீது வழக்குத் தொடரலாம். விளையாட்டுக் கருவி அத்தியாவசியப் பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆகையால் கூடிய விலை கேட்டார் என்பதை மட்டும் வைத்து ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது கடினம். ஆனால் கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்தாமல் விட்டாலோ, பற்றுச்சீட்டுத் தர மறுத்தாலோ, பாவித்த பொருளைப் புதியதென்று விற்றாலோ, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

வெளிநாடுகளிலும் சட்டம் இந்த விடயத்தில் பின்தங்கியே நிற்கிறது. பொட் மூலம் நுழைவுச்சீட்டுகளை அள்ளுவதை அமெரிக்கா 2016 இல் தடை செய்தது. ஏனைய பொருள்களுக்கும் அதை விரிவாக்க 2021 இல் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் நிறைவேறவில்லை. ஜப்பானில் 2019 இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் நுழைவுச்சீட்டுகளோடு நின்றுவிட்டது. ஒரு நாள் நிகழ்ச்சிக்கான சீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் சேர்த்த காசில் வாங்கும் பொருளுக்குக் கிடைக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: காக்கா, என் தம்பி ஜப்பானில் இருக்கிறார். அங்கே ஸ்விட்ச் 2 மிக மலிவு என்கிறார். அவரைக் கொண்டுவரச் சொன்னால் இந்தக் கொள்ளை விலையிலிருந்து தப்பலாமா?

அவசரப்பட வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நம் பகுதி மக்கள் அதிகம் ஏமாறக்கூடிய இடம் இதுதான். ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக விற்கப்படுகிறது. 2025 இல் 49,980 யென்னுக்கு வெளியானதில் ஜப்பானிய மொழி மட்டுமே இயங்கும். அதோடு, நாடு ஜப்பான் என்று பதியப்பட்ட நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். பல மொழிகளில் இயங்கும் வகை அப்போது 69,980 யென்னுக்கு வந்தது. அதை நின்டெண்டோவின் சொந்த இணையக் கடையில்தான் வாங்கலாம். தம்பி சொல்லும் மலிவு முதலாவது வகையின் விலையாகவே இருக்கும். சோனியும் 2025 நவம்பரில் இதே வழியில், ஜப்பானிய மொழிக்கு மட்டுமான பிளேஸ்டேஷன் 5 ஒன்றை 55,000 யென்னுக்கு வெளியிட்டது. வெளிநாட்டு மறுவிற்பனைக்காரர்கள் ஜப்பானின் இருப்பை அள்ளிப்போகக் கூடாது என்பது இந்தப் பிரிப்பின் ஒரு நோக்கமாகக் கருதப்படுகிறது. மொழியைப் பிறகு மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டுபாய், கட்டார், லண்டன் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் கருவிகளில் இந்த மொழிச் சிக்கல் இல்லை. நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரத்திலும் பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் 2 ஆகிய இரண்டும் இயங்கும். சுவர்ச் செருகியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உத்தரவாதம் வாங்கிய பிராந்தியத்துக்கு உரியது. வாங்கிய பற்றுச்சீட்டைச் சுங்கத்துக்காகவும் உத்தரவாதத்துக்காகவும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிளேஸ்டேஷனின் இணையக் கடைக்கு இலங்கைப் பிரிவு இல்லாததால், நம்மவர்கள் வேறொரு நாட்டின் பெயரிலேயே கணக்குத் திறக்கிறார்கள். எந்த நாட்டுக் கணக்கோ அந்த நாட்டுத் தட்டுகளையே வாங்குவது நல்லது. வேறு பிராந்தியத் தட்டு ஓடினாலும், அதற்கான மேலதிகப் பகுதிகளை உங்கள் கணக்கில் வாங்கிச் சேர்க்க முடியாமல் போகலாம்.

கல்முனையிலிருந்து ஒருவர்: வட்ஸ்அப்பில் அறிமுகமானவருக்கு முற்பணம் அனுப்பினேன். “கப்பலில் வருகிறது” என்று வாரக்கணக்காகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

உரையாடல் முழுவதையும், வங்கியில் காசு வைப்பிட்ட சீட்டையும், அவருடைய விளம்பரத்தையும் இன்றே படம்பிடித்து வையுங்கள். அவர் அழித்துவிட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஒரு திகதியைக் குறித்து, அதற்குள் பொருளோ காசோ வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். ஆளும் ஊரும் தெரிந்தவையாக இருந்தால், மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவதும் பயனுள்ளது. கூடிய விலைக்கு வாங்கியவரிடம் பொருளாவது இருக்கிறது. தட்டுப்பாட்டைச் சாட்டி வாங்கப்படும் முற்பணத்தில் அதுவும் இல்லை. ஆகவே, நீங்கள் நேரில் போய் நிற்கக்கூடிய கடை ஒன்றின் முத்திரையிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, புதியதற்குக் காசு போதாது. பாவித்த பிளேஸ்டேஷன் 5 ஒன்று வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல யோசனை, தம்பி. பெட்டியிலுள்ள தொடரிலக்கம், கருவியின் உடலில் உள்ளது, அமைப்புப் பக்கத்தில் திரையில் காட்டுவது ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் அதன் பூர்வீகத்தை விசாரியுங்கள். தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி மெதுவாக அசைத்துப் பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் அந்தத் துளை தளர்ந்திருக்கிறது. என் மேசைக்கு வரும் கருவிகளில் இதுவே மிகுதியான கோளாறு. கையில் பிடித்து விளையாடும் கட்டுப்படுத்தியைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்; தெரிவு தானாக நகர்ந்தால் அதன் குமிழ் தேய்ந்துவிட்டது. பிறகு கனமான விளையாட்டு ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். இந்தக் கருவியில் சூட்டைக் கடத்துவதற்குத் திரவ உலோகம் பூசப்பட்டிருக்கிறது. அனுபவமில்லாதவர் கழற்றியிருந்தால் அது இடம் பெயர்ந்திருக்கலாம். அப்போது கருவி சூடேறித் தானே நின்றுபோகும். விற்பவர் அந்த அரை மணித்தியாலத்தைத் தர மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பாவித்த ஸ்விட்ச் 2 ஆக இருந்தால், கைத்தொலைபேசியின் இணைப்பைக் கொடுத்து, அது நின்டெண்டோவின் சேவைக்குள் நுழைகிறதா என்று அங்கேயே பாருங்கள். களவுப் பிரதிகளை ஓட்டும் அட்டைகளைப் பாவித்த கருவிகளை நிறுவனம் இணையச் சேவையிலிருந்து தடைசெய்கிறது. அந்தத் தடை கருவியோடு ஒட்டிக்கொண்டு உங்களிடமும் வந்துசேரும்.

ஏறாவூரிலிருந்து ஓர் இளைஞர்: இரண்டு வாங்கி, ஒன்றை விற்று மற்றதன் செலவை ஈடுசெய்ய நினைக்கிறேன். இது அவ்வளவு பிழையா?

பிழை என்றே நினைக்கிறேன், தம்பி. துறைமுகத்திலிருந்து பொருளை எடுத்து, வரி கட்டி, உடைந்தால் மாற்றிக் கொடுத்து, நாளைக்கும் அதே இடத்தில் கடை திறப்பவருடைய இலாபம் உழைப்பின் கூலி. நீங்கள் செய்ய நினைப்பதில், உங்களைப் போன்ற இன்னொருவருக்குக் கிடைக்க வேண்டிய கருவியை அவரிடமே கூட்டி விற்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. வியாபாரத்தில் விருப்பம் இருந்தால் முறையாகக் கொண்டுவந்து, பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் கொடுத்து விற்றுப் பாருங்கள்; நம் பகுதிக்கு அப்படிப்பட்டவர்கள் தேவை.

திருக்கோவிலிலிருந்து ஒரு தந்தை: காத்திருங்கள் என்கிறீர்கள். எவ்வளவு காலம்?

பிளேஸ்டேஷன் 5 க்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 2023 ஜனவரியில்தான் தட்டுப்பாடு தீர்ந்ததாக சோனி அறிவித்தது. அதே காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நம் நாட்டின் இறக்குமதியும் இறுகியிருந்ததால், நமக்கு அது இன்னும் நீண்டதாகத் தெரிந்தது. ஸ்விட்ச் 2 அப்படி இல்லை. நின்டெண்டோ முன்கூட்டியே கூடுதலாகத் தயாரித்து வைத்திருந்ததால், முதல் 4 நாட்களில் 35 இலட்சமும், 2025 செப்டெம்பர் முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேலும் விற்பனையாகின. அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு, இங்கே ஒருவர் தட்டுப்பாட்டு விலை கேட்டால் அதற்கு அடிப்படை இல்லை. அமெரிக்காவின் பெரிய கடைகளின் இணையத்தளங்களில் அந்தக் கருவி இருப்பில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள், ஐயா. தொடர்ந்து சில வாரங்கள் இருப்பில் இருந்தால், இங்குள்ள இறக்குமதிக்காரர்களின் அடுத்த சரக்கோடு விலை இறங்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் நிறுவனங்களே விலையைக் கூட்டுவதுண்டு. சோனி 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5 இன் விலையை 50 டொலரால் உயர்த்தியது. ஆகவே வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கேள்விக்கு எழுதிய பதிலிலுள்ள கணக்கைப் போட்டு, அந்தத் தொகைக்குப் பற்றுச்சீட்டோடு தரும் கடை கிடைக்கும் நாளில் வாங்கிக்கொடுங்கள்.