அப்பா விட்டுப்போன வெள்ளி ரூபாய்களை எடைக்குப் போடலாமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா போன வருடம் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் துணிப்பையில் 140-க்கும் மேல் பழைய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் ராணி தலையும் ராஜா தலையும். அண்ணன் நகைக்கடையில் எடைக்குப் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்கிறாராம். வாட்ஸ்அப்பிலோ ஒரே காசுக்குப் பத்து லட்சம் என்று வீடியோ வருகிறதாம். எதை நம்புவது, எப்படிப் பிரிப்பது, யாரிடம் விற்பது என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பாதீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், காசுகளைக் கழுவாதீர்கள். புளி, விபூதி, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வெள்ளி காற்றில் பட்டுப் படிந்த படலம். சேகரிப்பவர் அதைப் பார்த்துத்தான் காசு கலையாமல் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு எத்தனை அபூர்வமாக இருந்தாலும் அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். கழுவுவது நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதே இல்லை.

இப்போது பிரிப்போம். ஒரு பழைய வேட்டியை விரித்துக் காசுகளைக் கொட்டாமல் ஒவ்வொன்றாக, ஓரத்தைப் பிடித்து வையுங்கள். தலையைப் பார்த்துப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. 1835 என்று இருந்தால் நான்காம் வில்லியம், 1840-லிருந்து 1901 வரை விக்டோரியா, 1903-லிருந்து 1910 வரை கிரீடம் இல்லாமல் வெறுந்தலையோடு ஏழாம் எட்வர்ட், 1911-லிருந்து ஐந்தாம் ஜார்ஜ், 1938-லிருந்து ஆறாம் ஜார்ஜ். 1840, 1862 என்று நிறையக் காசு இருந்தால் 'அவ்வளவு பழசா' என்று மலைக்க வேண்டாம். அந்த வருடத்தை அச்சில் மாற்றாமலே பல வருடம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அவை மலிவாகக் கிடைப்பவைதான்.

கவனமாகப் பிரிக்க வேண்டிய இடம் 1940. அதற்கு முன் வந்த ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-லிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அளவும் எடையும் கிட்டத்தட்ட அதே. புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் இருந்தால் அதைத் தனியாக வையுங்கள், அது 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. நாணயங்களோடு சின்னதாகச் செப்பில் அம்மன் உருவமும் பின்னால் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தும் உள்ள காசு இருந்தால் அது புதுக்கோட்டை அம்மன் காசு. வெள்ளி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் பக்கத்துக் காசு அது.

இந்த 1940 கணக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏமாற்று நடப்பது அங்கேதான். நகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, இரண்டு காசை உரைத்துப் பார்த்துவிட்டு 'பழைய காசு, எழுபது டச் போடுறேன்' என்பார். டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. அவர் உரைத்தது 1944-ஆம் வருடக் காசாக இருக்கும். 1940-க்கு முந்தைய காசு நூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,166 கிராம், சுத்த வெள்ளி 1,069 கிராம். எழுபது டச் என்று போட்டால் 816 கிராம்தான் உங்களுக்கு. கால் கிலோ வெள்ளி கண் முன்னாலேயே போய்விடும், நீங்கள் நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள். தேய்ந்த காசு 11.4 கிராம்கூட நிற்கும், அது இயல்பு, ஆனால் தேய்மானத்தால் எடைதான் குறையும், டச் குறையாது. இரண்டையும் குழப்பிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் பார்க்க ஒரு பெண்மணி, கணவர் இறந்த ஒரு மாதத்துக்குள், 60 காசுகளை ஒரு கடையில் இப்படிப் போட்டுவிட்டு ரசீதுகூட இல்லாமல் வந்தார். ரசீது கேட்டதற்கு 'பழைய வெள்ளிக்கு யாரும்மா பில் போடுவா' என்றார்களாம். கேட்டால் போட வேண்டும், அதுதான் முறை, ஆனால் இதைக் கவனிக்க ஆள் இல்லை. பழைய காசை மதிப்பிட்டுச் சொல்ல ஊருக்கு ஒரு அரசு அலுவலகம் இருந்தால் இந்தக் கூத்து எதுவும் நடக்காது.

வீடியோ விஷயம். ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார் உருவம் போட்டு, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று எழுதிய காசுகள் உங்கள் பையிலும் இரண்டு மூன்று இருக்கும், எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அவை பின்னால் யாரோ வியாபாரத்துக்காகச் செய்த வில்லைகள். பூஜையறையில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். அந்த வீடியோவில் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் 'வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், ஜிஎஸ்டி கட்டுங்கள், ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் கட்டுங்கள்' என்று வரிசையாகக் கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, பழைய காசு விற்பனைக்கு நாங்கள் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை என்று அறிவித்துவிட்டது. விற்கிறவர் முன்பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

உண்மையிலேயே விலை போகக்கூடியவை சில உண்டு. 1911-ஆம் வருட ஜார்ஜ் ரூபாய் ஒன்று. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் மறு வருடமே படத்தை மாற்றினார்கள். 1939 ரூபாய் இன்னும் அபூர்வம், அதனாலேயே 1938-இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கிய போலிகளும் சுற்றுகின்றன. உருப்பெருக்கியில் பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள். முடி இழை, ஆடையின் வேலைப்பாடு தெளிவாகத் தெரியும் எந்தக் காசையும் தனியே எடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள். கழுத்தில் போட வளையம் பற்றவைத்த காசுகள் வெள்ளி விலைக்குத்தான் போகும். மற்ற சாதாரணக் காசுகளும் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பழைய வீட்டின் பின்கட்டை இடித்தபோது சுவருக்குள் ஒரு செம்பில் கிடைத்த காசுகளும் இதில் கலந்திருக்கலாம் என்று அம்மா சொல்கிறார் என்று. இது சின்ன விஷயம் இல்லை. அப்பா சம்பாதித்துப் பெட்டியில் வைத்தது பரம்பரைச் சொத்து, அதில் கேள்வி இல்லை. மண்ணுக்குள்ளோ மண்ணோடு கட்டிய சுவருக்குள்ளோ மறைத்து வைத்திருந்து கிடைத்தது 1878-ஆம் வருடப் புதையல் சட்டத்துக்குள் வரும். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் என்றால் இதே வெள்ளி ரூபாய் பத்து, நூறு கிராமுக்கு மேல் வெள்ளி. இன்றைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு டீ வராது, சட்டத்தில் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது, இதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள், செம்பு எங்கே, யார் எடுத்தார்கள், எத்தனை காசு இருந்தது என்று. அவரால் அடையாளம் காட்ட முடிந்தவற்றைத் தனிப் பையில் போடுங்கள், விற்கவோ பங்கு பிரிக்கவோ வேண்டாம், ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள். உங்கள் குடும்பத்தார் வைத்ததுதான் என்று காட்ட முடிந்தால் அதற்கும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மறைத்து விற்றுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நூறு வயது தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, 1972-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். 'லண்டனில் நல்ல விலை, கூரியரில் அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால் சிறைக்குப் போவது நீங்கள்தான். உள்நாட்டில் விற்கலாம். நாணயக் கண்காட்சிகளில் மேசை போடும் வியாபாரிகளில் குறைந்தது மூன்று பேரிடம் காட்டுங்கள், ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள், பையை 'ராத்திரி பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஏலத்துக்குக் கொடுப்பதானால் கமிஷன் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வங்கிக் கணக்கில் வரட்டும். லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. பூஜையில் வைத்த காசு சொந்த உபயோகப் பொருள் என்று வாதாடியதை 1976-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கடைசியாக, அண்ணனும் நீங்களும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உயில் இல்லை என்றால் அம்மாவுக்கும், அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் சம பங்கு. ஒரு நோட்டில் எண் போட்டு வருடம், தலை, எடை எழுதி, இரண்டு பக்கமும் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை ஏறினால், எழுபது டச் பேச்சே வராது.