நீளமான ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்க

‘அன்ஃபர்கெட்டபிள்’ போன்ற சொல் வந்தாலே உங்கள் மகள் முதல் இரண்டு எழுத்தை வைத்து ஊகித்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். திட்டாதீர்கள், பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். முன்னால் ‘அன்’, பின்னால் ‘ஏபிள்’ இரண்டையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். நடுவில் நிற்பது அவளுக்குத் தெரிந்த ‘ஃபர்கெட்’தான். இரண்டாவது ‘டி’ (t) பின்னொட்டான ‘ஏபிள்’ சேரும்போது வந்தது, அதையும் சொல்லிவிடுங்கள்.

மிஞ்சியதும் நீளமா? சரி, அசை (சொல்லைச் சொல்லும்போது ஒன்றாக ஒலிக்கும் துண்டு) பிரிக்கலாம். ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. இரண்டு உயிரெழுத்துக்கு இடையே இரண்டு மெய் இருந்தால் பெரும்பாலும் நடுவில் வெட்டலாம்: நாப்-கின். ஒற்றை மெய்தான் சிக்கல். ‘மியூ-சிக்’கில் வெட்டு மெய்க்கு முன்னால், ‘லெம்-அன்’னில் பின்னால். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து, தெரிந்த சொல்லாகக் கேட்பதை எடுத்துக்கொள்ளட்டும்.