விழா நோட்டீஸில் 'திரு', 'அருட்பணி', 'அவர்கள்' எப்படி எழுதுவது?

'திரு' என்றால் செல்வம், மேன்மை, தெய்வத்தன்மை. திருவட்டாறு, திருநந்திக்கரை என்று ஊர்ப்பெயரில் வரும்போது சேர்த்தே எழுத வேண்டும். ஆளின் பெயருக்கு முன்னால் பட்டமாக வந்தால் இடம் விட்டு எழுதுங்கள். அது முழுச்சொல், சுருக்கம் அல்ல. ஆகவே புள்ளி தேவையில்லை.

பெயருக்குப் பின் 'அவர்கள்' சேர்க்கலாம். 'திரு டாக்டர்' என்று இரண்டு அடைகளை அடுக்க வேண்டாம், ஒன்றே போதும். அழைப்பவர் தம் பெயருக்கே 'திரு' போட்டுக்கொள்வது மரபல்ல. அச்சகத்தில் எல்லாப் பெயருக்கும் ஒரேயடியாகச் சேர்ப்பதால் இந்தப் பிழை வருகிறது. அச்சுக்கு முன் திருத்தத் தரும் மெய்ப்பில் கட்டாயம் பாருங்கள்.

குமரி மாவட்டத்தின் கோட்டாறு, குழித்துறை கத்தோலிக்க மறைமாவட்டங்களில் பங்குத்தந்தைக்கு 'அருட்பணி' என்பதே பெருவழக்கு, ஆயருக்கு 'மேதகு'. அருள்+பணி 'அருட்பணி' ஆவது இலக்கணப்படி சரி. அருள்+தந்தை 'அருட்டந்தை' ஆக வேண்டும். ஆனால் 'அருட்தந்தை' வழக்கில் நிலைத்துவிட்டது, 'அருள்தந்தை' என்று எழுத்து மாற்றாமல் எழுதினால் படிக்க எளிது.

சாமிதோப்பைத் தலைமைப்பதியாகக் கொண்ட அய்யாவழியினர் தாங்கள் வழிபடும் வைகுண்டரை 'அய்யா' என்றே எழுதுகிறார்கள். அதை 'ஐயா' என்று திருத்தாதீர்கள். அங்கே 'திரு', 'அவர்கள்' இரண்டும் வேண்டாம்.