வளர்ப்புப் பராமரிப்பு: வாசகர்கள் கேட்டவை

கல்யாணமாகி ஒன்பது வருடம். தத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். வளர்ப்புப் பராமரிப்பு என்றால் குழந்தை சீக்கிரம் கிடைக்குமாமே?
- தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பதி

அந்த எண்ணத்தோடு வருவதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை, சொத்துரிமை உட்பட. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி எதுவும் கிடையாது. பெற்றவர்கள் சிறையில் இருக்கலாம், பெரிய நோயில் படுத்திருக்கலாம், குடியிலிருந்து மீளப் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். அவர்கள் நிமிர்ந்து உட்காரும்வரை பிள்ளை உங்கள் வீட்டில் வளரும். திரும்பிப் போய்விடலாம், போனால் அது நல்ல முடிவு.

தத்துக் கொடுக்கத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்கு அனுப்பக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்கிறது. கைக்குழந்தையையும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் வருவார்கள்.

ஒரு வழி இருப்பது உண்மை. அந்தப் பிள்ளை பின்னாளில் தத்துக்குத் தகுதி என்று அறிவிக்கப்பட்டால், 2 ஆண்டுகள் வளர்த்த குடும்பம் தத்துக் கேட்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது. ஆனால் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், அம்மா பார்க்க வரும் முதல் நாளிலேயே உடைந்து போகிறார்கள்.

யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? வீட்டுக்கு வந்து என்னதான் பார்ப்பார்கள்? எங்களுடையது சின்ன வீடு.
- திருப்பூர் வாசகி

உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள். தத்துக்குப் பயன்படும் 'கேரிங்ஸ்' இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அடையாளச் சான்று, வருமானச் சான்று, கல்யாணச் சான்று, வீட்டில் உள்ள எல்லோருக்கும் மருத்துவச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்பார்கள். தம்பதி என்றால் சேர்ந்து வாழ்ந்து 2 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம் வீட்டாய்வு. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். வருகிறவர் உங்கள் டைல்ஸைப் பார்க்க வரவில்லை. பிள்ளை படுக்க, படிக்க ஓர் இடம் இருக்கிறதா, பள்ளி எவ்வளவு தூரம், வீட்டில் யாராவது குடிக்கிறார்களா, சண்டை வந்தால் எப்படி முடிகிறது, இவைதான் அவருக்கு வேண்டும். உங்கள் பிள்ளைகளிடமும் மாமியாரிடமும் தனியாகப் பேச்சுக் கொடுப்பார். எனவே கணவனும் மனைவியும் மட்டும் பேசி முடிவெடுத்துவிட்டு விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை.

பதில்களை ஒத்திகை பார்க்காதீர்கள். "பிள்ளை காசு எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "அன்பாகச் சொல்லிப் புரியவைப்போம்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். "முதலில் எனக்குக் கோபம் வரும். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து பேசுவேன்" என்று சொல்கிறவரை எனக்கு அதிகம் நம்பத் தோன்றும்.

அறிக்கை குழந்தைகள் நலக் குழுவிடம் போகும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. அவர்கள் உத்தரவு போட்டால்தான் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வர முடியும். நீங்களும் பிள்ளையும் முன்கூட்டியே சந்தித்துப் பழகியிருப்பது நல்லது. பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அண்ணன் தங்கையாக இருந்தால் முடிந்தவரை பிரிக்க மாட்டார்கள், எனவே "ஒன்று போதும்" என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் குழுவைத் தாண்டி ஆஸ்பத்திரியிலோ ஊரிலோ யாராவது "பிள்ளை இருக்கு, வாங்கிக்கோங்க" என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜெயிலில் முடியும்.

எனக்கு 41 வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை வீடு. விண்ணப்பிக்கலாமா?
- மதுரை ஆசிரியை

தாராளமாக. 2024இல் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள் 35 முதல் 60 வயது வரையிலான தனிநபர்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டன. பெண் என்றால் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் வளர்க்கலாம். ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டும். சொந்த வீடுதான் வேண்டும் என்றில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மாடிப்படியில் "இது யார் பிள்ளை?" என்ற கேள்வி தினமும் பிள்ளையின் காதில் விழக் கூடாது.

மாதம் எவ்வளவு தருவார்கள்?
- பெயர் வேண்டாம் என்றவர்

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். அது பிள்ளையின் செலவுக்கு, உங்கள் சம்பளம் இல்லை. பள்ளிக்கூடம், மருந்து, துணிமணி என்று கணக்குப் பார்த்தால் கையைக் கடிக்கும். அந்தத் தொகை வராவிட்டாலும் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

அக்காவும் மாமாவும் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் என் அம்மாவிடம் வளர்கிறார்கள். நாங்களும் இதற்கு விண்ணப்பிக்க வேண்டுமா?
- விழுப்புரம்

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். வாத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவும் உண்டு. அதற்குக் குடும்ப வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. அதே மாவட்ட அலகில் இரண்டையும் விசாரியுங்கள். இறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எங்களிடம் எட்டு வயதுப் பெண் இருக்கிறாள். அவள் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனால் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லலாமா?
- சேலம் வாசகி

நீங்கள் சொல்லக் கூடாது. பெற்றவர்கள் பார்ப்பது சட்டம் ஏற்றுக்கொண்ட விஷயம். பிள்ளைக்கு நல்லதல்ல என்று தோன்றினால் நிறுத்த வேண்டியது குழந்தைகள் நலக் குழுதான். மாதாமாதம் ஆய்வுக்கு வருகிறவரிடம் நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. சாப்பிடாமல் இருப்பதை அம்மா கெட்டவள் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் சிரித்ததற்காகவே அவளுக்குக் குற்ற உணர்வு இருக்கலாம். "அம்மா ஞாபகமா இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். அம்மாவின் போட்டோ ஒன்றை அவள் அலமாரியில் வைக்க விடுங்கள். சந்திப்புக்கு மறுநாள் டியூஷன், உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதுவும் வேண்டாம். உங்களை "அம்மா" என்று கூப்பிடச் சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அத்தை, சித்தி, பெரியம்மா என்று அவளுக்கு எது வருகிறதோ அது போதும்.

பிறந்தநாள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?
- அதே வாசகி

போடாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். படத்தை பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைத்து அவளிடம் கொடுங்கள். வீடு திரும்பும்போது எடுத்துப் போகட்டும்.