தவறு செய்யாதவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறீர்கள். நீங்கள் சுற்றிவளைப்பைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் இலங்கையில், திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன்.

1997இல் ஒரு விடியற்காலை. எங்கள் ஒழுங்கையில் இராணுவம் இறங்கி, ஆண்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு பாடசாலை மைதானத்துக்கு வரச் சொன்னது. அங்கே ஜீப்புக்குள் இராணுவத்துக்கு ஆள் காட்டிக் கொடுக்கும் தலையாட்டி இருந்தான். தலை முழுவதும் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நின்று நகர வேண்டும். நான் நின்றபோது அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை. எனக்குப் பின்னால் வந்த அண்ணாவைக் கண்டதும் சாக்கு மேலும் கீழும் அசைந்தது. மீன் வாடியில் ஐஸ் உடைக்கிற வேலை அண்ணாவுக்கு. கிணற்றடியிலிருந்து வந்த ஈரச் சாரத்தோடேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதினாறு மாதங்கள். வழக்கே இல்லை. சட்டம் அதற்கும் இடம் கொடுத்தது: மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை அமைச்சரின் உத்தரவில் அடைத்து வைக்கலாம். 2022இல்தான் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். முதல் வாரமே சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அண்ணாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்தாலே செல்லும். தவறு செய்யாதவன் அஞ்சுவது அந்தத் தாளுக்குத்தான். மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று 1979இல் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது.

குண்டு வைத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. குண்டுவெடிப்புகளில் 260 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். தாக்குதல் வருகிறது என்று இந்திய உளவுத்துறை முன்பே சொல்லியிருந்தது, இந்தச் சட்டமும் கையில் இருந்தது. கவனிக்காமல் விட்டதற்காக முன்னாள் ஜனாதிபதியை இழப்பீடு கட்டச் சொல்லி 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மக்களைக் காப்பாற்றக் கடுமையான சட்டமா இல்லாமல் போயிற்று?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. ஆனால் சென்ற மாதம் அப்பாவின் ஓய்வூதியம் பற்றி அம்மாவுக்கு வந்த கடிதத்தில் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. எழுபத்தெட்டு வயதில் அதை வைத்துக்கொண்டு அவர் யாரிடம் போவார்? அண்ணாதான் வாசித்துச் சொன்னார். அவர் சிங்களம் படித்தது தடுப்பு முகாமில்.