பகடைச் சாமிக்குக் கண்டனமா?

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் என் பேரன், கூட்டாளிகளோடு சேர்ந்து பகடை உருட்டி ஏதோ ஆங்கில விளையாட்டு விளையாடுகிறான். அதில் அவன் 'டெம்பஸ்' என்ற போர்க் கடவுளுக்குப் பூசாரியாம்! நாம் பட்டது போதாதா? முருகன் இருக்கும் மண்ணில் இந்தப் பொய்ச்சாமி எதற்கு? கண்டித்து ஒரு தலையங்கம் எழுதுவீர்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: எழுதமாட்டேன், சேர்.

முருகனைக் கூப்பிட்டது நீங்கள்தான் என்பதால் அவரிடமிருந்தே தொடங்குவோம். மண்டூரில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார்களே, அந்தச் சாமியின் உத்தியோகம் என்ன? தேவர்களின் சேனாதிபதி. திருக்கோவிலில் இருப்பவர் சித்திர வேலாயுதர், பெயரிலேயே ஆயுதம். ஐப்பசியில் சூரன்போர் பார்க்கப் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். சூரனின் தலை மாறும்போதெல்லாம் அவன் கைதட்டியிருப்பான். அன்றைக்கு அதட்டினீர்களா? வேடம் கட்டுவதுதான் பிரச்சினை என்றால், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் நம் ஆட்கள் பாண்டவராக வேடம் ஏற்று, வனவாசம் போய், கடைசியில் தீயும் மிதிக்கிறார்கள். உங்கள் பேரன் கதிரையில் இருந்தபடி பகடைதான் உருட்டுகிறான்.

டெம்பஸ் பொய்ச்சாமிதான், அதில் சந்தேகமே வேண்டாம். எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சின்ன வயதில் தனக்காகக் கற்பனை செய்து வைத்திருந்த உலகம் ஒன்று, 1987இல் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கான உலகமாக வெளியானது. (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. உங்கள் பேரன் விளையாடுவது இதைத்தான்.) அதில் ஃபேரூன் என்ற கண்டம். அங்கே போருக்கு அதிபதி இந்த டெம்பஸ். முன்பு அந்த இடத்தில் இருந்தது கராகோஸ் என்ற இரத்தவெறி பிடித்த தெய்வம். அவரை வீழ்த்திவிட்டுத்தான் இவர் வந்தார். வெய்ரோஸ் என்று ஒரு வெள்ளைப் பெண் குதிரை, டெய்ரோஸ் என்று ஒரு கறுப்பு ஆண் குதிரை வைத்திருக்கிறார். சண்டைக்கு முன் வெள்ளைக் குதிரையில் தோன்றினால் வெற்றி, கறுப்பில் வந்தால் தோல்வி. இரண்டு குதிரையிலும் ஒவ்வொரு காலை ஊன்றிக்கொண்டு நின்றால் எது நடக்குமோ தெரியாது. (நம் ஊர் அரசியல்வாதிகள் சிலர் இந்த மூன்றாவது வகையில்தான் காட்சி தருகிறார்கள். அது வேறு கதை.)

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கையின் மகனும் இதே கூத்தில்தான் இருக்கிறான். போன மாதம் கல்லடியில் அவர்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் இருந்து ஆடினார்கள். கரண்ட் போய்விட்டது. போன் டோர்ச்சைத் தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே வைத்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். இருபது முகமுள்ள பகடை ஒன்று உருண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய்விட, ஆட்டம் பத்து நிமிடம் நின்றது. கதைப்படி, இவர்கள் துரத்தி வந்த நெல் கள்ளர்கள் ஒரு நீரூற்றடிக் கோயிலுக்குள் ஒளிந்துகொண்டார்கள். அது எல்டாத் என்ற சமாதான தேவதையின் கோயில். மற்ற நாலு பேரும் உள்ளே பாய்ந்து வெட்டுவோம் என்று நிற்கிறார்கள். போர்ச்சாமியின் பூசாரியான என் மருமகன்தான் வாசலை மறித்தான்.

"எல்டாத்துட ஆக்கள்ல கை வச்சா டெம்பஸே நம்மள உடமாட்டார் மாமா."

"சண்டைச் சாமிக்குச் சமாதானச் சாமியில அப்பிடி என்னடா மரியாதை?"

"சமாதானம் எண்டு ஒண்டு இல்லாட்டி சண்டைக்கு என்ன மதிப்பு?"

அவன் சொந்தமாக விட்ட வசனமென்று நினைத்தேன். இல்லை, டெம்பஸின் கொள்கையே அதுதானாம். எல்டாத்தை அவர் கொஞ்சம் அப்பாவி என்று நினைக்கிறார், ஆனாலும் அவளுடைய பூசாரிகளையும் கோயில்களையும் தொடுகிற தன் பக்தர்களைத் தண்டிக்கிறார். எதிராளியை இழிவாகப் பேசாதே, சண்டையை இழுத்தடிக்காமல் விரைவாக முடி என்றும் விதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒதுங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்த தலைமுறை சேர், நாம். ஆயுதத்தோடு வருகிறவனைக் கோயில் வாசலில் மறிக்கும் சாமி பொய்ச்சாமியாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.

ஆனால் டெம்பஸை நான் முழுதாக விட்டுவிடப் போவதில்லை. அவருடைய போதனையில் இன்னொரு இடம் வருகிறது: போருக்கு அஞ்சாதே, நாகரிகம் இருக்கும் இடத்தில் தானாக வரும் புயல் அது, எல்லோரையும் ஒரேமாதிரி நசுக்கும், ஒரேமாதிரி உயர்த்தும் என்று. வாசித்ததும் எனக்குச் சுள்ளென்றது. புயலையும் போரையும் ஒன்றென்று மட்டக்களப்பானிடம் வந்து சொல்லக்கூடாது. 1978 நவம்பர் 23 இரவு ஓடு பறந்துபோன வீட்டில், கட்டிலுக்குக் கீழே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் நான். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்கத் தரையில் படுத்திருந்தது. அந்தக் காற்றை அனுப்பியவன் இன்னார் என்று யாரையும் நாங்கள் காட்டவில்லை. அப்புறம் வந்த போருக்கு அப்படியா? சுற்றிவளைப்பில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிக்கு ஊரும் பெயரும் இருந்தன. அவன் தலையாட்டியதும் ஆளை ஏற்றிக்கொண்டு போன வாகனத்தை யாரோ ஒருவன்தான் ஓட்டினான். சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வந்தவனைச் சின்ன வயதில் இருந்தே தெரியும் என்று சொன்ன தாய்மார் இருக்கிறார்கள். ஒரேமாதிரி நசுக்கும் என்பதும் பொய். காசு இருந்தவனின் பிள்ளை கொழும்பு போய், அங்கிருந்து வெளிநாடு போனான். வாவியில் வலை போட்டவனின் பிள்ளைக்கு அந்த வழி இருக்கவில்லை.

இதை மருமகனிடமும் சொன்னேன். டெம்பஸின் பூசாரிகள் நாள்தோறும் சூரியன் மறையும் வேளையில் 'வீழ்ந்தவர் பாட்டு' என்று ஒன்று பாட வேண்டுமாம். போரில் செத்த வீரர்களுக்கான பாட்டு.

"ஆயுதமே தொடாமச் செத்த சனத்துக்கு அந்தப் பாட்டுல இடம் இருக்காடா?" என்று கேட்டேன்.

பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கியபடியே கொஞ்ச நேரம் யோசித்தான். "புத்தகத்துல அப்பிடி ஒண்டும் இல்ல மாமா." பிறகு, கதையை நடத்துகிற பையனைத் திரும்பிப் பார்த்தான். "மறுகா என்ன, நாம போடுவமா?"

அந்தப் பையனும் சரி என்றான். அடுத்த ஆட்டத்திலிருந்து போடுகிறார்களாம்.

ஆகவே தலையங்கம் கிடையாது. உங்கள் பேரனின் டெம்பஸ் எந்த மாதிரி என்று நான் கண்டேனா? அடுத்த முறை விளையாடும்போது பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து நீங்களே பாருங்கள். சத்தம் கொஞ்சம் கூடத்தான் போடுவார்கள், அது ஒன்றுதான் கரைச்சல்.