ஈரம் பட்ட பழைய புகைப்படத்தைக் கணினியில் சீர்செய்வது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்), தகரப் பெட்டிக்குள் பல்லாண்டுகள் கிடந்து பூஞ்சணம் பிடித்த, தாத்தா பாட்டியின் இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும், ஆனால் பாதி வேலை ஸ்கேன் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில், படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பிம்பத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் நீர் பட்டால் இளகிவிடும். உலர்ந்த மென்தூரிகையே போதும். அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2400 பிக்சல் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக அச்சிட்டால் அது 8 அங்குலம். கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அலைவரிசைகளாக (channels) பதிவாகிறது. மஞ்சள் கறை நீல அலைவரிசையில் அழுத்தமாகவும் சிவப்பில் மங்கலாகவும் தெரிவதால், சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்தாலே கறையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

எஞ்சிய புள்ளிகளையும் கீறல்களையும் இலவச மென்பொருளான ஜிம்பில், மூலத்தைத் தொடாமல் நகல் லேயர் (படத்தின் மேலடுக்கு) ஒன்றில் திருத்தலாம். வெறும் பின்னணிக்கு, பழுதைச் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் கருவி போதும். சேலைக் கரை, முகத்தின் ஓரம் போன்ற விளிம்புகளில் அது அக்கம்பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசிவிடுமாதலால், அங்கே வேறிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியே, சிறிய தூரிகையுடன், நல்லது. முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. அவை ஊகித்து வரைவதில் பாட்டியின் மூக்குத்தியே நிழலென்று காணாமற்போகலாம்.

மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கடவுச்சீட்டுக்காக எடுத்த படமாயிருந்து, மூலையில் முத்திரைத் தடம் இருந்தால், அதை மட்டும் அழிக்காமல் விடுங்கள்.